கியர்பொக்ஸில் சின்ன வேலை

"நானா, ஜீப்பைத் தராமல் இண்டைக்கு நான் இஞ்சயிருந்து அசைய மாட்டன்!"

கொட்டாஞ்சேனையில் உள்ள மர்ஸூக் நானாவின் கராஜுக்குள் தனுஷியா நுழைந்த வேகத்தில், வாசலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து வழிவிட்டது.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கணவன் சயந்தன் நாற்பது வருடப் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி மூன்று மாதம். வாங்கிய அன்றே விற்றவர் அதைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போனார். உயரத்தைக் கூட்ட வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், வெள்ளத்துக்குள் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிடக் குழாய் வைக்க வேண்டும் என்று சயந்தன் ஆசைப்பட்டான். எல்லாம் செய்தாயிற்று. ஜீப் மட்டும் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபாடில்லை.

போதாக்குறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அப்பா நமசிவாயம் வேறு வருகிறார். "உந்தப் பழசை வாங்க மருமகனுக்கு என்ன விசரோ?" என்று கேட்டவர். "சனிக்கிழமை அதிலதான் உங்களை முன்னேஸ்வரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவம், இருந்து பாருங்கோ" என்று தனுஷியா சவால் விட்டிருந்தாள். அப்பாவிடம் தோற்பதைவிட அவளுக்குப் பல்லுப் பிடுங்குவது சுகம்.

"கியர்பொக்ஸ்ல ஒரு சின்ன வேல ஈக்கி தங்கச்சி," என்றார் மர்ஸூக், கையைத் துணியில் துடைத்தபடி. "ஒரு பிளேன்டீ குடிக்கிறீங்களா?"

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம், ஜீப் வேணும். போன மாசமும் கியர்பொக்ஸ் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"அதே கியர்பொக்ஸ்தான்."

"அப்ப ஹெந்தளை ரோட்டில இந்த ஜீப் ஓடினது என்னெண்டு? என்ர சினேகிதி ரூபிகா பஸ்ஸில இருந்து கண்டவள். கண்டுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளிப் போச்சுதாம். ஜீப்பை ஓடினவன் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு மூஞ்சையை மறைச்சுக்கொண்டு இருந்தவனாம். ஆர் அது?"

மர்ஸூக் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

"நான்தான். ரோட் டெஸ்ட்."

"முப்பது வருசமாக் கராஜ் வச்சிருக்கிற ஆள் அப்பிடியோ ஓடுறது?"

"எனக்கு ஜீப் அவ்வளவு பழக்கமில்ல."

பக்கத்தில் ஒரு வானுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த உதவியாள் புஷ்பராஜ் பலமாக இருமினான்.

தனுஷியாவுக்கு எரிந்தது. "எங்கட வாகனத்தில ஊர் சுத்திப்போட்டு எங்களுக்கே கதை விடுறியள், என்ன? இதை அப்பிடியே ஃபேஸ்புக்கில போடுறன். வெள்ளவத்தையில ஒரு சனம் இனி உங்களிட்ட வாகனம் விடாது."

"போடுங்க தங்கச்சி."

இப்படிச் சொல்கிற ஆளோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? அவள் நின்ற நிலையில் போனில் நாலு பந்தி தட்டி முடித்தாள். போடுவதற்கு முன்னர் சயந்தனுக்கு அழைத்தாள்.

"நான் கராஜில நிக்கிறன். உடன வாங்கோ. ஜீப்பை இப்பவே ஓடிக்கொண்டு வீட்ட போவம்."



"இப்பவோ? எனக்கு மீட்டிங் தனு. அந்தாள் பாவம், அவசரமில்லாம ஆறுதலாச் செய்யட்டுமே."

"உங்களை மாதிரி ஆக்கள் இருக்கிறபடியாத்தான் ஊரெல்லாம் ஏமாத்துது!"

போனை வைத்தவள் நேரே ஜீப்பை நோக்கி நடந்தாள். "அவர் வருமட்டும் நான் இதுக்குள்ளயே இருக்கப் போறன்."

"ஏறாதீங்க தங்கச்சி, உடுப்பெல்லாம் கிரீஸ் பட்டுடும்!" மர்ஸூக் முதல் தடவையாகப் பதறினார்.

சயந்தன் ஆசைப்பட்டுக் கூட்டிய உயரம் இப்போது அவன் மனைவியைப் படுத்தியது. இரண்டாம் முயற்சியில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, ஒருவாறு ஓட்டுநர் இருக்கையில் விழுந்தாள்.

கண் முன்னே, மீட்டருக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே பிள்ளையார் சுழி. கீழே, கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் பார்த்துவரும் கோழிக்கிறுக்கல் எழுத்து.

'கிளட்ச் இடது கால். பயப்படாதே. பின்னால் ஹோர்ன் அடிப்பவனைப் பார்க்காதே.'

இரண்டு தரம் வாசித்தாள். வீட்டில் நிற்பது கியரே மாற்றத் தேவையில்லாத ஓட்டோமெட்டிக் கார். சயந்தன் ஓடப் பழகியதும் அப்படி ஒன்றில்தான். ஜீப் வாங்கிய சந்தோஷப் புளுகத்தில் அவள் அதை யோசிக்கவே இல்லை.

"நானா, இவருக்குக் கியர் வாகனம் ஓடத் தெரியாதோ?"

மர்ஸூக் குரலைத் தாழ்த்தினார். "ஜீப் ரெண்டு மாசத்துக்கு முந்தியே சரி. தம்பிதான் இன்னும் சரியாகல்ல. ஊட்டுல சொல்லிடாதீங்கன்னு என்ட கையப் புடிச்சிக் கேட்டார், நான் என்ன செய்ய? முன்னுக்கு இப்ப நல்லாப் போறார். ரிவர்ஸ்தான் வருதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும். இவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்ற மனிதரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தட்டிய நாலு பந்தியையும் ஒன்றும் மிச்சமில்லாமல் அழித்தாள்.

"சனிக்கிழமைக்கு வேணுமெண்டா நான் வந்து ஓடித் தாறேன்," என்றார் மர்ஸூக்.

"வேண்டாம் நானா. அப்பாவுக்கு உடன விளங்கியிடும். பிறகு இவரைச் சாகுமட்டும் விட மாட்டார்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அப்பாதான்.

"என்ன பிள்ளை, சனிக்கிழமை ஜீப் வருமோ? இல்லாட்டி நான் வான் ஒண்டு பிடிக்கட்டோ?" குரலிலேயே வெற்றிச் சிரிப்பு தெரிந்தது.

தனுஷியா ஒட்டியிருந்த தாளை இன்னொரு தரம் பார்த்தாள்.

"வானைப் பிடியுங்கோ அப்பா. ஜீப்பில ஒரு பிழையுமில்லை, நானா வடிவாத்தான் செய்து தந்தவர். சீட் கவரின்ர நிறம் பிடிக்கேல்லையெண்டு நான்தான் திருப்பிக் கராஜில விட்டனான்."