நட்சத்திரம் இல்லன்னாலும்

"என் பேரு கிளாட்வின். வயசு இருபத்தேழு. இப்ப கனடாவுல, வின்னிபெக்ல இருக்கேன். நம்ம தெக்குத்தெரு டெய்லர் ஞானசிகாமணி மகன்."

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனைப் பார்த்துச் சொன்னான். சொல்லச் சொல்லத் திரையில் எழுத்துகள் ஏறின. இரண்டு கையிலும் கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலாவுக்குப் பிசைந்த மாவு.

ஊர்க்கோயில் வாலிபர் சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செயலாளருக்கு அந்தச் செய்தி. ஆளை இவன் பார்த்ததே இல்லை. வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் நோட்டீஸின் அடியில் எண் இருந்தது.

இங்கே டிசம்பர் இருபத்துநாலு, காலை ஏழு மணி. ஜன்னலுக்கு வெளியே பனி. இன்னும் விடியவில்லை.

அங்கே சாயங்காலம் ஆறரை. எட்டு மணிக்குத் தெற்குத்தெரு என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

பேரும் ஊரும் சொல்லியாயிற்று. அதற்குமேல் வாய் வரவில்லை.

"மாவு காயுது. யாருட்ட பேசிட்டு நிக்க?" அடுப்புப் பக்கமிருந்து மனைவி அமலி கேட்டாள். அவள் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான்."

உருட்டிய மாவை முள்கரண்டியின் முதுகில் வைத்து அமுக்கினான். கோடு சரியாக விழவில்லை.

ஊரில் அவன் வீட்டு வாசலில் டிசம்பர் ஒன்றாம் தேதியே நட்சத்திரம் ஏறிவிடும். அப்பாதான் கட்டுவார். ஏணியைப் பிடிக்க மட்டும் ஆள் வேண்டும் அவருக்கு, யோசனை சொல்ல வேண்டாம்.

கடற்கரை ஊர்க் கத்தோலிக்கக் குடும்பமான அமலியின் வீட்டில் இருபத்துநாலாம் தேதிதான். குடிலும் நட்சத்திரமும் ஒரே நாளில், ஒரே கூச்சலில்.

"ஆர்.சி.காரிக்கு எல்லாமே கடைசி நிமிஷம்" என்பான்.

"குடிலே இல்லாத வேதக்காரனுக்கு ஒரு மாசமா என்ன வேல?" என்று அவனுடைய புராட்டஸ்டண்ட் சபையைச் சீண்டுவாள்.

சாவு விழுந்த வருஷத்தில்தான் இரண்டு வீடும் நிஜமாகவே வேறு வேறு.

அவன் ஊரில் அந்த வருஷம் வாசலில் நட்சத்திரம் கிடையாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பண்டிகைக்கு முன்னாலேயே அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரம் வந்துவிடும். கேரல் போகிறவர்கள் அந்த வாசலில் டிரம் அடிக்க மாட்டார்கள். தலையைக் குனிந்து ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார்கள்.

அவள் ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் நட்சத்திரம் உண்டு. தன் தாய்மாமன் இறந்த வருஷம் இதே ஜன்னலில் அழுதுகொண்டே கட்டினாள். "செத்தவங்களுக்கும் சேத்துத்தான் இயேசு பாலன் பொறக்காரு."

நவம்பர் பத்தாம் தேதிக்குப் பிறகு அவன் அப்பாவின் குரலைக் கேட்கவில்லை.

அவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ்.

"இப்பந்தான் ஆஸ்பத்திரியிலருந்து வந்தாவ. தூங்குதாவய்யா." எப்போது கூப்பிட்டாலும் அம்மா அதையே சொன்னாள்.

இவனுடைய வேலை விசா புதுப்பிப்பில் கிடக்கிறது. கிளம்பினால் திரும்பி நுழைய முடியாது. அப்பா கடைசியாகச் சொன்னதும் அதுதான். "பேப்பர் வராம வந்துராதல."

ஒன்றாம் தேதி தங்கச்சியிடம் நட்சத்திரத்தின் போட்டோ கேட்டான். "கரண்ட் இல்லண்ணே" என்றாள். மறுநாளும் கேட்டான். மறுநாளும் கரண்ட் இல்லை.

நேற்று அம்மா வாய்தவறிச் சொன்னாள். "நான் ஒண்ணும் சுடலய்யா. முந்திரிக்கொத்து மட்டும் ஏழு வீட்டுலருந்து வந்துருக்கு."

சொன்னவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். வின்னிபெக்கில் குளிர் எப்படி என்று விசாரித்தாள்.

ஏழு வீடு.

போனருகே குனிந்தான்.

"எங்க வீட்டு வாசல்ல நட்சத்திரம் தொங்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே."

எழுத்துகள் ஏறின. அனுப்பவில்லை.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. விடிகாலையிலேயே அமலி நட்சத்திரப் பெட்டியைத் தூசி தட்டி ஜன்னலருகே வைத்திருந்தாள். இப்போது அதைத் தூக்கி அலமாரியின் உச்சிக்கே திருப்பித் தள்ளினாள்.

"இந்த வருஷம் வேணாம்" என்றாள்.

அவன் பக்கம் திரும்பவில்லை. கைக்குட்டை தேடுவதுபோல் எதையோ தேடினாள். பிறகு அடுப்பை அணைத்தாள். அச்சு எண்ணெய்க்குள்ளேயே கிடந்தது. கிண்ணத்தில் பாதி மாவு மிச்சம்.

எண்ணெயின் சத்தம் மெல்ல மெல்ல அடங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

அவளைக் கேட்கலாம். நாலடி தூரம்தான்.

கேட்டால் சொல்லிவிடுவாள்.

மாவுக் கட்டைவிரலால் அந்தக் கடைசி வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். திரையில் மாவு ஒட்டியது. பேரும் வயதும் ஊரும் அப்பாவின் பேரும் மட்டும் மிஞ்சின.

மறுபடி போனருகே குனிந்தான். சத்தமாக, தெளிவாகச் சொன்னான்.

"அண்ணே, எட்டு மணிக்கு எங்க தெருவுக்கு வருவீங்க. எங்க வீட்டு முன்னால ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போயிராதீங்க. அப்பாவுக்கு டிரம் சத்தம் ரொம்பப் பிடிக்கும். நட்சத்திரம் இல்லன்னாலும் பாடுங்க."