வண்டியில் விட்ட சாவி

பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் செண்பகவல்லி தன் பக்கத்துக் கதவைப் பூட்டிவிடுவாள். மகன் நிரஞ்சன் சிரிப்பான்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, கணவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் போனார். எவனோ ஏறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பின்சீட்டில் இருந்த அவள் மடியில் கிடந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, மெதுவாப் போப்பா. பிள்ள இப்பத்தான் தூங்குனான்” என்றாள்.

வந்தவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவி அவள் கையில் வைத்தான்.

“கதவப் பூட்டிக்கோங்கக்கா. காலம் கெட்டுக் கிடக்கு” என்று சொல்லிவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் இறங்கி நடந்தான்.

மூச்சிரைக்க ஓடிவந்த கணவர் அவனைத் திட்டித் தீர்த்தார். இப்போது கணவரும் இல்லை, அந்த வண்டியும் இல்லை. அந்தத் தம்பி எங்கே இருக்கிறானோ, பெயரைக்கூடக் கேட்காமல் விட்டோமே என்றுதான் அவளுக்கு இன்னும் இருக்கிறது.