மூணாவது டிரம்மு

"சத்தியமா நான் மூடியத் திறக்கல, டீச்சரம்மா!"

ஜெயபாக்கியம் பேச ஆரம்பிக்கும் முன்னே சோணை முந்திக்கொண்டான்.

எண்பத்து மூணாம் வருசம் அது. ஏலக்காய் லோடு ஜீப்பு இறங்கினால் போடி மெயின் ரோடே மணத்துக் கிடந்த காலம். மலையடியில் சோணை இலவங்காய் ஓடுகளை டிரம்மில் அடைத்துக் கரி சுட்டுக் கொடுப்பான். மதுரைக் காலேஜு டீச்சர் ஜெயபாக்கியம் ஆராய்ச்சிக்காக அதை மூட்டை கட்டி பஸ்சில் கொண்டுபோவாள். சாயப்பட்டறைத் தண்ணியைத் தெளிய வைக்கிற கரியாம். சூடு ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது என்பது பேச்சு.

அவள் மூன்று நீளக் காகிதங்களை விரித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு ஏறி இறங்கி ஓடியது.

"கடுகளவு கரிய உப்போட அரைச்சு, வில்லையா அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த உள்ள விடுவோம். அகச்சிவப்புன்னு பேரு. கரியோட மேல்தோல்ல என்ன ஒட்டியிருக்குன்னு மிசினு வரைஞ்சு காட்டிரும்."

"கரியும் உப்புமா? நாங்க அதுல பல்லுல்ல வெளக்குறோம்!" என்றாள் சோணை பெண்டாட்டி முனியாயி.

"பாருங்கண்ணே. ரெண்டு டிரம்மு ஒரே மாதிரி. மூணாவதுல மட்டும் இங்க ஒரு பள்ளம். சூட்டோட காத்துப் பட்டாத்தான் இப்படி விழும்."

"மிசினு பொய் சொல்லுது."

"சொல்லாதுண்ணே. காரணம் தெரியலேன்னா என் ஆராய்ச்சியப் பாக்குற சாரு என் கைத்தப்புன்னுதான் சொல்வாரு. நாலு வருசப் படிப்பு… சரி, என் தப்புன்னே எழுதிக் குடுத்துர்றேன்."

 ஒத்துக்கொண்டால் சோணைக்குக் கரி சுடும் சோலி போய்விடும். பக்கத்து ஊர் சிலமலையில் ஒருத்தன் இந்தச் சோலிக்காகவே காத்துக் கிடக்கிறான்.

"சொல்லித் தொலையேன்யா. பாவம், அந்தப் பிள்ள தலையில ஏன் விடியணும்?" என்றாள் முனியாயி.

"தெறந்தேன் ஆத்தா. அன்னைக்கு அடைமழை. ஏலத்தோட்டத்துல இருந்து நனைஞ்சுக்கிட்டே ஒரு பொம்பள இறங்கி வந்தா. கையில பச்சப்பிள்ள. வெறைச்சுப்போயி அழுகக்கூட இல்ல. வெறகெல்லாம் ஈரம். அந்த டிரம்முல மட்டுந்தான் கங்கு கெடந்துச்சு."

"எவ்வளவு நேரம் தெறந்து வச்சீங்க?"

"மணி யாரு பார்த்தா? பிள்ள வீல்னு கத்துற வரைக்கும்."

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"இந்த ஒரு தடவை மன்னிச்சிரு ஆத்தா. சோலிய மட்டும் மாத்திராத."

"என்னைய எங்கண்ணே முழுசாப் பேசவிட்டீங்க? சாயத்தண்ணிய ஊத்துத்தண்ணி மாதிரித் தெளிய வச்சது அந்த மூணாவது டிரம்மு ஒண்ணுதான். எப்படிச் சுட்டீங்கன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."