முட்டையும் மாவும்

"உனக்கென்ன பைத்தியமா லூசியானா? ஜூலையில ஒரே ஒரு பரீட்சை எழுதினா நீ பட்டதாரி. அதைப் போய் டிசம்பருக்குத் தள்ளுறியே!"

ஆலோசகர் மிர்த்தாவுக்குப் பொறுக்கவில்லை. வணிக நிர்வாகப் படிப்புக்கு முதலாண்டிலிருந்தே அவள் போட்ட திட்டத்தில் லூசியானா ஒரு பாடத்தில்கூடச் சறுக்கியதில்லை. பட்டம் வந்தால் வங்கி வேலை தயார். டிசம்பர்வரை வங்கி காத்திருக்காது.

"கூடப் படிக்கிற ஒருத்தர் இன்னும் முடிக்கல மேடம். ஒரே நாள்ல தலையில முட்டையும் மாவும் வாங்கணும்னு எங்களுக்குள்ள பேச்சு."

கடைசிப் பரீட்சை முடித்தவரை வாசலிலேயே முட்டையாலும் மாவாலும் குளிப்பாட்டுவது கோர்தோபா நகர மாணவர்களின் வழக்கம்.

"யாரோ ஒரு சோம்பேறிக் காதலனுக்காக வேலையை விடப்போறியா?"

"சோம்பேறி இல்ல மேடம். பருவத்துக்கு ஒரு பாடம் போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா? யார்கிட்ட?"

லூசியானா கதவைத் திறந்தாள். "உள்ள வாம்மா."

நரைத்த தலையோடு நோர்மா வந்து நின்றாள். 'இந்த வயசுல உங்களுக்கென்ன அவசரம்?' என்று அவளிடம் சிரித்தது மிர்த்தாவுக்குச் சுருக்கென்று நினைவு வந்தது.

"நான் வயித்துல இருந்தப்போ அம்மா பாதியில விட்ட படிப்பு மேடம்."

மிர்த்தா தேர்வு விதிப் புத்தகத்தை எடுத்து நோர்மாவின் பக்கம் திருப்பினாள்.

"நோர்மா, மிச்சமிருக்கிற ரெண்டு பாடத்தையும் வகுப்புக்கு வராமலே ஜூலையில எழுதலாம். விதி இருக்கு. நான்தான் உங்களுக்குச் சொல்லல."

"அய்யோ, ரெண்டுமா? என்னால முடியுமா?"

"முடியும். முட்டை வாங்கும்போது கூட ஒண்ணு வாங்குங்க. அது என் தலைக்கு."