ஆடி வரைக்கும்

“கால் மடங்காதவன வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணுவ? பேசாம நம்ம வூட்டுக்கு வந்துடு.”

“ஆடி வரைக்கும் பொறுண்ணே. அப்பறம் பாத்துக்கலாம்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தபோது உத்திராபதியின் காதில் விழுந்த பேச்சு அது. பேசியவர்கள் அவன் மனைவி செங்கமலமும் அவள் அண்ணன் அழகேசனும். தையில்தான் கல்யாணம், பங்குனியில் இந்தக் கட்டில்.

அழகேசன் பெரம்பலூர் ஹாக்கி அணியின் ஃபார்வர்ட். சீசனின் கடைசி மேட்ச்சில் அவன் அடித்த பந்துதான், எதிரணி கோல்கீப்பரான உத்திராபதியின் இடது முழங்காலைப் பிசகவைத்தது.

கோல் காப்பான் என்றுதான் ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலையில் அவனுக்கு வேலையே கொடுத்திருந்தார்கள். ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை அடுத்த சீசன், அதே பெரம்பலூருடன் முதல் மேட்ச். அதற்குள் குந்தி எழ முடியாவிட்டால் அணியில் இடமும் போகும், வேலையும் போகும்.

“மேட்ச் இல்லாத இந்த மாசங்கள்லதான் இடுப்பும் முழங்காலும் இளகணும். கூடவே ஒரு ஆள் இருந்து செய்யணும்” என்று சொல்லிவிட்டுப் போனார் ஆலை அணியின் கோச். அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டவள் செங்கமலம்.

விடிந்ததும் உப்பு ஒத்தடம். அந்தச் சூடு ஆறுவதற்குள், “ம், குந்துங்க.”

“வலிக்குதுடி.”

“வலிக்கத்தான் செய்யும். இன்னும் கீழ. சும்மா மொனகாதீங்க.”

தோளைப் பிடித்து அமுக்குவாள். குதிகாலைப் பற்றி, முழங்கால் நெஞ்சில் முட்டும்வரை மடக்குவாள். சாயங்காலம் கொல்லையில் நிற்கவைத்து, பழைய பந்து ஒன்றை வேகமாக உருட்டிவிடுவாள். எப்போதும் இடது காலுக்கே. வலதுபுறம் ஒன்றுகூட வராது.

“அடிபட்ட எடமா பாத்து அடிக்கிறியே, உங்கண்ணன் சொல்லிக் குடுத்தானா?”

“வாய் நல்லா வேல செய்யுது. அதுல பாதி காலு செஞ்சா தேவல.”

இவள் காலைச் சரிசெய்யவில்லை, ஒரேயடியாக ஒடித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பப் பார்க்கிறாள் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். வீட்டில் சோறு, தண்ணீர் தவிர வேறு பேச்சில்லை. ஆத்திரத்தில் குந்தினான், ஆத்திரத்திலேயே எழுந்தான். ஆனி பிறந்தபோது, பந்துக்குக் குறுக்கே காலை நீட்டித் தரையில் சரிந்து, அடுத்த நொடியே எழுந்து நின்று அவளை முறைத்தான். வலி எப்போது போனது என்று அவனுக்கே தெரியாது.

ஆனிக் கடைசியில் அழகேசன் சீர்த்தட்டோடு வந்தான், புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப்போக.

“என்ன மாப்ள, கோலுக்குள்ள நிக்கிறியா, இல்ல வெளிய நின்னு கை தட்டப் போறியா?”

செங்கமலத்தின் பெட்டி ஏற்கெனவே வாசலில் தயாராக இருந்தது. உத்திராபதி அவள் பக்கம் திரும்பினான்.

“அதான் ஆடி வந்துருச்சுல்ல, கெளம்பு. திரும்பி வரணும்னு ஒண்ணும் அவசியமில்ல.”

அவள் பெட்டியைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்தாள். பிறகு, அண்ணன் காதிலும் நன்றாக விழட்டும் என்பதுபோல, இத்தனை மாதமும் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைப் புருஷனிடம் வாய்விட்டுக் கேட்டாள்:

“ஞாயித்துக்கெழம எங்கண்ணன் அடிக்கிறது ஒண்ணுகூட உள்ள போவக் கூடாதுங்க.”