அக்காவுக்காக வாழ்த்துகள்

"அக்காவுக்காக வாழ்த்துகள்" என்று இன்னொருவர் என் கையைக் குலுக்கினார். "அவங்க துறைமுகத்துப் புகையையே ஒழிச்சிட்டாங்க. நீ இன்னும் சிகரெட்டை விடலையாமே."

எங்கள் ஊரில் இப்படித்தான். ஒருவருக்கு நல்லது நடந்தால், கூட வந்திருக்கும் உறவுக்கும் கை கொடுத்தாக வேண்டும்.

நல்லது நடந்தது அக்கா லீஸ்பெத்துக்கு. துறைமுகத்தின் கரிப்புகையைக் கால்வாசி குறைக்க வேண்டும் என்ற இலக்கைக் குறித்த ஆண்டுக்கு முன்பே எட்டிவிட்டார்கள். அந்தப் பொறுப்பு அவளுடையது. அதற்குத்தான் இன்று அலுவலகத்தில் விருந்து.

மேசையில் கப்பல் வடிவத்தில் பச்சை நிற கேக். புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சர்க்கரைப் பூ.

அதே துறைமுகத்தில்தான் நானும் வேலை செய்கிறேன். கப்பல் மேல்தளத்தில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுவேன். இரவு வேலை. இன்று தூங்காமல் வந்திருந்தேன். கேக்குக்காக அல்ல. துறைமுகத் தலைவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

என் மகன் டைஸுக்கு மூச்சிரைப்பு. நகரத்துக் காற்று ஆகாது என்று டாக்டர் சொன்னார். கடன்பட்டுக் கடலோரத்தில் ஒரு வீட்டை வாங்கினோம்.

முதல் கோடையில் டைஸ் மணல்மேட்டில் ஏறி ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த கோடையில் கப்பல்கள் வந்தன.

உள்ளே இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்களைத் துறைமுக எல்லைக்கு வெளியே, எங்கள் வீட்டுக்கு நேரெதிரே நிறுத்திவிட்டார்கள். இன்ஜினை யாரும் அணைப்பதில்லை. எல்லைக்குள் எழும் புகை கணக்கில் சேரும். வெளியே எழும் புகை மேற்குக் காற்றில் எங்கள் வீட்டுக்குள் சேரும்.

டைஸ் இருமும் நேரத்தில் நான் பக்கத்தில் இருப்பதில்லை. வீட்டுக் கடனுக்காக அதே கப்பல்களில் கம்பி கட்டிக்கொண்டிருப்பேன். இன்று காலையும் பால்கனிக் கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

"மேலிடத்து முடிவுடா. எனக்கே பேப்பரைப் பாத்துதான் தெரியும்" என்று அக்கா அப்போது சத்தியம் செய்தாள். நம்பினேன்.

இன்று வாசலிலேயே என் காலரைச் சரிசெய்துவிட்டு, "யோரிஸ், கப்பல் பேச்சை இன்னிக்கு எடுக்காத. திங்கக்கிழமை நானே அவர்கிட்ட பேசறேன்" என்றாள்.

ஆனால் தலைவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். அவர் மூச்சில் ஹெர்ரிங் மீனும் வெங்காயமும்.

"அக்காவுக்காக வாழ்த்துகள். தம்பிதானே? மூக்கைப் பாத்தாலே தெரியுது. அவங்க மூளைலயும் பாதி கிடைச்சிருக்கக் கூடாதா உங்களுக்கு."

"சார், வெளிய நிக்கிற அந்தக் கப்பலுங்க..."

"அதேதான். அந்த யோசனையே உங்க அக்காவோடது. மூணு கோடைக்கு முன்னாடி அவங்க கடலோர வீட்டு பால்கனில உக்காந்து வைன் குடிச்சிட்டிருந்தோம். கடலைக் காட்டி, இவ்வளவு இடம் சும்மா கிடக்குதேன்னாங்க. அங்கயே முடிவாயிடுச்சு."

அறையின் மறுகோடியிலிருந்து அக்கா எங்களைப் பார்த்துவிட்டாள். டைஸுக்கென்று டிஷ்யூவில் சுற்றிய கேக் துண்டோடு ஆட்களை இடித்துக்கொண்டு வந்தாள்.

தலைவர் இன்னும் என் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"குளிர் வர்றதுக்குள்ள அந்த வீட்டை வித்துட்டாங்க. கெட்டிக்காரி. யார் தலைல கட்டினாங்களோ."

"என் தலைல" என்றேன்.

அவர் கையை விடவில்லை. குலுக்குவதை மட்டும் நிறுத்தினார்.