மைதானத்துக்கு முதுகு காட்டி

கால்பந்து மைதானத்தின் கேலரிக்கு அடியில், சாசேஜ் கடையில் குட்ரூன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறாள். கரியடுப்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. பத்தொன்பது வருடமாக எங்கள் அணியின் ஒரு கோலைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை, எல்லாம் காதால்தான். படிக்கட்டு வழியே மே மாத வெயில் சரிந்து பன் கூடையின் மேல் விழுகிறது. சீசனின் கடைசி ஆட்டம், கடைசி நிமிடம். சமநிலையில் முடிந்தால் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவிலேயே தங்கலாம். தோற்றால் மூன்றாம் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். இப்போதுதான் நடுவர் எதிரணிக்குப் பெனால்ட்டி கொடுத்திருக்கிறார். கழுத்தில் அணியின் நீலத் துண்டோடு டெட்லெஃப் படியிறங்கி ஓடிவந்து, கடையோரம் சுவரைப் பார்த்து நிற்கிறான். “டிக்கெட் வாங்கிட்டுச் சுவரைப் பாக்கிறியே, மேல போய்யா.” “நான் பாத்தா கோல் விழுந்துடும், குட்ரூன்.” “அப்போ இந்த சீசன் முழுக்கத் தோத்தது உன் கண்ணாலதானா?” அவன் சிரிக்கவில்லை. மேலே முரசு நிற்கிறது. அத்தனை ஆயிரம் பேரிடமிருந்து ஒரு செருமல்கூட இல்லை. கொழுப்பு சொட்டிக் கரியில் சீறுவது மட்டும் கேட்கிறது. விசில். பிறகு ஒரு கூச்சல், தூரத்தில், எதிரணியின் வெளியூர் ரசிகர்களை உட்கார வைத்திருக்கும் அந்த ஒரு மூலையிலிருந்து மட்டும். “நம்மாளுங்கதானே கத்துறாங்க?” என்று சுவரிடம் கேட்கிறான் டெட்லெஃப். அவளுக்கா தெரியாது, எந்த மூலையின் சத்தம் என்று? இடுக்கியால் ஒரு சாசேஜை எடுத்துப் பன்னுக்குள் வைக்கிறாள். “கடுகு சாஸ் வேணுமா, வேணாமா?” என்கிறாள். பத்தொன்பது வருடமாக, கேட்காமலேயே அவனுக்கு ஊற்றிக் கொடுப்பவள்.